பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து



2020-இல் தமிழ்நாட்டில் நம் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த பிள்ளை, கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்ததால், வகுப்பறைக்குள் முதன்முதலாகப் போய் உட்கார்ந்தது 2021 நவம்பரில். அப்போது அது இரண்டாம் வகுப்பு! கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது, உண்மை. வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது, அதுவும் உண்மை. ஆனால் எத்தனையோ வீடுகளில் இருந்த ஒரே செல்போன் விடிந்ததும் அப்பாவோடு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு சார்ஜ் தீர்ந்து வீடு திரும்பியது. அந்தப் பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும்?

பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஏசர் ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. இந்தியக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018-இல் 27.3 சதவீதம். 2022-இல் 20.5. எல்லாரும் இந்தச் சரிவைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு நெஞ்சு வலிப்பது அந்த முதல் எண்ணைப் பார்த்துத்தான். கொரோனா எட்டிப் பார்ப்பதற்கு முன்பே நூற்றுக்கு எழுபது பிள்ளைகளுக்கு மேல் அந்தப் பாடத்தை வாசிக்க வரவில்லை, ஐயா! பழியெல்லாம் தொற்றின் தலையில் போட்டுவிட்டுப் பழைய தடத்துக்கே திரும்பினால் அது நியாயமா?

புதிய தடமும் நம்மிடம் இருந்தது. 2021 அக்டோபரில், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி என்ற தமிழக அரசின் திட்டம் தொடங்கியது. திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலை நேரத்தில் இருபது பிள்ளைகள். அதே தெருவில் படித்த பெண் பாடம் சொன்னாள். மிஸ் இல்லை, அக்கா! 'எதுவரைக்கும் வாசிக்க வரும், வாசி பார்க்கலாம்' என்று அக்கா முதலில் கேட்டாள். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் இதைத்தான் செய்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் நிலையைப் பார்த்துப் பாடம் சொன்னது.

பிறகு இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்களைக் குறைத்துவிட்டோம். அவசரகால ஏற்பாடு, அவசரம் முடிந்தது என்று நினைத்தோம். ஈராசிரியர் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். ஒருவர் பயிற்சிக்குப் போன நாளில் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துக்கொள்கிறார். அவர் எந்த அரும்பைத் தனியே உட்காரவைப்பார்? அங்கே அவசரம் இன்னும் தீரவில்லை. அந்தப் பள்ளிகளுக்கு மூன்றாவது ஆசிரியர் வேண்டும், மாலையில் அந்த அக்காவும் வேண்டும்.

2020-இல் சேர்ந்த அந்தப் பிள்ளைகள் 2030-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவார்கள். நாள் அதிகமில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களே, சுண்ணாம்பு அடிப்பதற்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடுகிறீர்கள், நல்லது. அடுத்த கூட்டத்தில் இதையும் கேளுங்கள்: நம் பள்ளியில் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கென்று தினமும் எந்தப் பாடவேளை ஒதுக்கியிருக்கிறது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து மறுபடியும் கேளுங்கள்.