பட்டை பன்னும் நான் கற்றுக்கொண்ட கணக்கும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சவ. குழுக் கூட்டத்துல நின்னு தீர்மானம் வாசிச்சதுதான் நான் பேசுன பெரிய பேச்சு. "பட்டை பன் எப்படிச் செய்யறேன்னு நீயே சொல்லிடு"ன்னு தலைவி அக்கா சொல்லிட்டாங்க. பன் செய்யுற முறையைச் சொல்றேன். அதோட நான் செஞ்ச ஒரு தப்பையும் சொல்லணும். அந்தத் தப்பு இல்லேன்னா இந்த பன் இப்ப இருக்கிற மாதிரி வந்திருக்காது.

எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுட்டு, "அம்மா, பத்து ரூவா குடு"ன்னு கடைக்கு ஓடுவாங்க. கிரீம் பன், இல்லேன்னா ஜாம் பன். ஒரு நாள் ரெண்டு நாள்னா பரவாயில்லை. வாரத்துல அஞ்சு நாளும் அதுதான். ராத்திரி சாப்பாடு பாதித் தட்டோட நிக்கும்.

அந்தச் சமயத்துலதான் கூட்டமைப்பு மூலமா 10 நாள் பேக்கரிப் பயிற்சி வந்துச்சு. எங்க குழுவுல நாலு பேர் போனோம். ரொட்டி, பிஸ்கட், கேக் எல்லாம் சொல்லிக்கொடுத்தாங்க. ஒன்பதாவது நாள் சினமன் பன். நம்ம பாஷையில சொன்னா பட்டை பன். மாவை விரிச்சு, வெண்ணெய் தடவி, சீனியும் பட்டைத்தூளும் தூவி, பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி, வெட்டி, சுட்டு எடுக்கிறது. சுவீடன் நாட்டுல இது வீட்டுக்கு வீடு உண்டாம். 1999-ல இருந்து அக்டோபர் 4-ஐ பட்டை பன் நாளாவே கொண்டாடுறாங்களாம். பயிற்சி கொடுத்த அம்மா சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து செஞ்சு கொடுத்தேன். பெரியவன் மோந்து பார்த்துட்டு, "என்னம்மா, பன்னுல பிரியாணி வாசம் வருது"ன்னான். ஆனா ஒண்ணு தின்னவன் மூணு தின்னான்.

அன்னைக்கு ராத்திரி, எழுதிட்டு வந்த நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். 12 பன்னுக்கு மாவுல 75 கிராம் சீனி. உள்ளே தூவ 150 கிராம். மேலே ஊத்துற வெள்ளைப் பாகுக்கு 125 கிராம். மொத்தம் 350 கிராம். பன்னிரண்டால வகுத்தா ஒரு பன்னுக்கு 29 கிராம், ஏறக்குறைய ஆறு டீஸ்பூன். என் மகன் மூணு பன்னுல பதினெட்டு ஸ்பூன் சீனி தின்னிருக்கான். டீயில ஆறு ஸ்பூன் போட்டுக் கொடுன்னா கொடுப்போமா? பன்னுக்குள்ள இருந்தா நம்ம கண்ணுக்குத் தெரியறதில்லை.

அடுத்த நாளே மாத்தினேன். மைதாவுக்குப் பதிலா மில்லுல அரைச்ச கோதுமை மாவு. சீனிக்குப் பதிலா நாட்டுச்சர்க்கரை. வெள்ளைப் பாகு வேண்டாம்னு விட்டுட்டேன். குழுவுல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. வாரம் ரெண்டு நாள் செஞ்சு, ஊருக்குள்ளயும் பள்ளிக்கூடத்துப் பக்கமும் விற்க ஆரம்பிச்சோம்.

இப்பதான் என் தப்பு வருது. "சீனி இல்லாத பன்"னு சொல்லித்தான் நான் வித்தேன். சும்மா இல்லாம, "பட்டை சுகரைக் குறைக்கும், சுகர் இருக்கிறவங்களும் தைரியமா சாப்பிடலாம்"னு வேற சொன்னேன். போன்ல ஏதோ வீடியோவுல பார்த்தது. எங்க குழுவுல ஒரு அக்காவுக்கு எட்டு வருஷமா சுகர். இவ்வளவு வருஷம் பன் பக்கமே போகாதவங்க, என் பேச்சை நம்பி காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டுன்னு சாப்பிட்டிருக்காங்க. பட்டைதான் உள்ளே போகுதேன்னு சாயங்கால மாத்திரையையும் விட்டுட்டாங்க. மூணு வாரம்.

மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா வர்ற சகோதரி வந்து விரல்ல குத்திப் பார்த்தப்ப 340 காட்டுச்சு. அக்காவுக்கு அதுக்கு முன்னாடியே தலைசுத்தல், ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறது எல்லாம் இருந்திருக்கு. வெயில்னு நினைச்சுட்டாங்க. அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். வாசல்ல உட்கார்ந்திருந்தப்ப எனக்குக் கை நடுங்குச்சு. அக்கா என்னைத் திட்டலை. "நீ வேணும்னு சொல்லலை. ஆனா தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டே"ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தாக்கூட அவ்வளவு உறைச்சிருக்காது.

இப்ப மாத்திரை ஒழுங்கா போட்டு நல்லா இருக்காங்க. இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. "நீ சொல்லு, பத்துப் பேருக்கு உபயோகமா இருக்கட்டும்"னு அவங்க சொன்னதாலதான் இதை மேடையில சொல்றேன்.

அங்கே இருந்த செவிலியர் அம்மா எனக்குப் புரிய வெச்சது இதுதான். சீனியோ, நாட்டுச்சர்க்கரையோ, வெல்லமோ, கருப்பட்டியோ, தேனோ, உடம்புக்குள்ள போனா எல்லாம் சர்க்கரைதான். வெல்லத்துல கொஞ்சம் தாதுச்சத்து இருக்கலாம். அதுக்காக ரத்தத்துல சுகர் ஏறாம இருக்காது. கோதுமையும் மாவுச்சத்துதான், அதுவும் சுகரை ஏத்தும். பன்னுல போடுற பட்டை வாசனைக்குத்தான், மருந்து இல்லை. யார் பேச்சைக் கேட்டும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அப்படின்னா இந்த பன்னுல என்னதான் நல்லதுன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். நல்லது இருக்கு. 100 கிராம் மைதாவுல நார்ச்சத்து ஏறக்குறைய 3 கிராம், முழுக் கோதுமை மாவுல 11 கிராம். நார்ச்சத்து இருந்தா வயிறு சீக்கிரம் நிறையும், ஒண்ணோட நிறுத்த முடியும். ரெண்டாவது, இனிப்பைப் பேரை மாத்திப் போடாம அளவையே குறைக்கிறது. மூணாவது, உள்ளே என்ன இருக்குன்னு செஞ்ச நமக்குத் தெரியும். இந்த மூணுதான். இதுக்கு மேல நான் சொன்னா அது பொய்.

இப்ப செய்முறை. நோட்டு வெச்சிருக்கிறவங்க எழுதிக்குங்க. 12 பன்னுக்கு அளவு.

மாவுக்கு: கோதுமை மாவு அரைக் கிலோ, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம் (ரெண்டு டீஸ்பூன்), நாட்டுச்சர்க்கரை 50 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், காய்ச்சி ஆறின பால் 350 மில்லி, வெண்ணெய் அல்லது எண்ணெய் 40 கிராம்.

உள்ளே தடவ: வெண்ணெய் 25 கிராம், நாட்டுச்சர்க்கரை 60 கிராம், பட்டைத்தூள் ரெண்டு டீஸ்பூன்.

மொத்தச் சர்க்கரை 110 கிராம். ஒரு பன்னுக்கு 9 கிராம், ரெண்டு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மி. முன்னாடி ஆறு, இப்ப ரெண்டு. மூணு தடவையா கொஞ்சம் கொஞ்சமா குறைச்சேன். ஒரேயடியா குறைச்சா பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும்.

பால் வெதுவெதுப்பா இருக்கணும். சுண்டுவிரலை விட்டா சுகமா இருக்கிற சூடு. சுட்டா ஈஸ்ட் செத்துப்போகும். மாவு, ஈஸ்ட், சர்க்கரை, பால் கலந்து 20 நிமிஷம் சும்மா மூடி வெச்சிடுங்க. கோதுமை மாவுல தவிடு இருக்கு, அது பாலைக் குடிக்க நேரம் வேணும். இந்த 20 நிமிஷத்தை விட்டதாலதான் என் முதல் பன் வறட்டியாப் போச்சு. அப்புறம் உப்பும் வெண்ணெயும் சேர்த்து பத்து நிமிஷம் பிசையணும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வா, கையில லேசா ஒட்டுற பதம். ஒட்டுதேன்னு மேலும் மாவு தூவாதீங்க. கையில எண்ணெய் தொட்டுக்குங்க.

மூடி வெச்சா ஒரு மணி நேரத்துல ரெண்டு மடங்கா உப்பும். நம்ம ஊர் வெயிலுக்கு முக்கால் மணி நேரமே போதும். ஒரு விஷயம், பட்டைத்தூளை மாவோட சேர்த்துப் பிசையாதீங்க. அதிகம் கலந்தா ஈஸ்ட் வேலை செய்யாது, மாவு எழும்பாது. அதனாலதான் உள்ளே தூவுறது.

உப்பின மாவை ரெண்டு பாகமாக்கி, ஒண்ணை நீளச் சதுரமாத் தேய்ச்சு, வெண்ணெய் தடவி, சர்க்கரையும் பட்டையும் தூவி, இறுக்கமாச் சுருட்டுங்க. கத்தி வெச்சு வெட்டினா நசுங்கும். பூக்கட்டுற நூலை அடியில விட்டு, மேலே குறுக்காப் போட்டு இழுத்தீங்கன்னா அழகா வெட்டும். ஆறு துண்டு. எண்ணெய் தடவின தட்டுல இடம் விட்டு அடுக்கி, அரை மணி நேரம் வெச்சு, மேலே பால் தடவுங்க. அடுத்த பாகத்தை அதுவரைக்கும் குளிர்ந்த இடத்துல வையுங்க, இல்லேன்னா புளிச்சுப்போகும்.

ஓவன் வேண்டாம். அடிகனமான பெரிய பாத்திரத்துல ஒரு அங்குலம் கல்லுப்பு, மேலே ஸ்டாண்டு, மூடி போட்டு மிதமான தீயில பத்து நிமிஷம் சூடாக்குங்க. தட்டை உள்ளே வெச்சு, மூடி மேலே கனம் வெச்சு, சிறு தீயில 25-ல இருந்து 30 நிமிஷம். குச்சி குத்தினா மாவு ஒட்டக் கூடாது. குக்கர்லயும் செய்யலாம், ரப்பரையும் வெயிட்டையும் கழட்டிடணும். மேல் பக்கம் சிவக்காது. தோசைக்கல்லுல ஒரு நிமிஷம் கவுத்துப் போட்டு எடுத்தா சிவந்துடும்.

கேழ்வரகு சேர்க்கலாமான்னு நிறைய பேர் கேட்கிறாங்க. அரைக் கிலோவுல 100 கிராம் வரைக்கும் சேர்க்கலாம். நான் பாதிக்குப் பாதி போட்டுப் பார்த்தேன். எங்க வீட்டுக்காரர், "இதை அஸ்திவாரத்துக்குப் போடலாமே"ன்னார். கேழ்வரகுல கோதுமை மாதிரி இழுவை கிடையாது, அதான் காரணம்.

பட்டையைப் பத்தியும் சொல்லணும். மளிகைக் கடையில கிடைக்கிற, தடியா ஒரே மரப்பட்டையா சுருண்டிருக்கிறது ஒரு வகை. தாள் மாதிரி மெல்லிசா, சுருட்டு மாதிரி பல மடிப்பா, கையில ஒடிச்சா ஒடியுறது இலங்கைப் பட்டை. விலை கூட. தடிப்பட்டையில கூமரின்னு ஒரு பொருள் அதிகம். தினமும் அதிகமா சாப்பிட்டா ஈரலைக் கெடுக்கும். என்னைக்கோ ஒரு பன்னுக்குப் பயப்பட வேண்டாம். உடம்புக்கு நல்லதுன்னு தினமும் ஸ்பூன் ஸ்பூனா கரைச்சுக் குடிக்கிறவங்கதான் யோசிக்கணும். எதை வாங்கினாலும் முழுசா வாங்கி, வெயில்ல காய வெச்சு வீட்டுலயே பொடி பண்ணுங்க.

விற்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க கணக்குப்படி 12 பன்னுக்கு, கேஸ் சேர்த்து 120 ரூபாய் ஆகுது. ஒண்ணு பத்து ரூபாய், 15-க்கு விற்கிறோம். நல்லா ஆறின பிறகுதான் பாக்கெட் போடணும். சூட்டோட போட்டா வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ரெண்டு நாளைக்கு மேல விற்கிறதில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு பண்ணியிருக்கோம். பாக்கெட்டுல என்னென்ன சேர்த்திருக்கோம், எந்தத் தேதியில செஞ்சோம்னு எழுதுறோம்.

"சீனி இல்லாதது"ங்கிற வார்த்தையை எடுத்துட்டோம். இப்ப எங்க பாக்கெட்டுல இருக்கிறது, "கோதுமை பட்டை பன். ஒரு பன்னில் நாட்டுச்சர்க்கரை 9 கிராம்." அவ்வளவுதான். முதல் மாசம் விற்பனை கொஞ்சம் குறைஞ்சுச்சு. குழுவுல ரெண்டு பேர், "ஏன் இதெல்லாம் எழுதி நாமே கெடுத்துக்கணும்"னு கேட்டாங்க. அப்ப அந்த அக்காதான் எழுந்து, "எழுதட்டும். நான் படிச்சுட்டுத் தின்னிருப்பேன்"னாங்க. அதோட பேச்சு முடிஞ்சுது. இப்ப பழைய விற்பனை திரும்பி வந்துடுச்சு. வாங்குறவங்க திருப்பிப் பார்த்துப் படிக்கிறாங்க.

நம்ம ஊர்ல ஒரு பொருளை விளம்பரம் பார்த்து வாங்குறவங்களைவிட, "குழுக்காரங்க செஞ்சது"ன்னு வாங்குறவங்கதான் அதிகம். சேமிப்புப் பணத்துல ஒரு ரூபாய் குறைஞ்சாலும் பதிவேட்டுல தேடிக் கண்டுபிடிக்கிறவங்க நாம. அதே கணக்கை அடுப்படியிலயும் வைப்போம். நாம செய்யுற பண்டத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சு செய்வோம், தெரிஞ்சதை மட்டும் சொல்லுவோம்.

வெளியே எங்க குழு மேசையில இன்னைக்குச் செஞ்ச பன் இருக்கு. சாப்பிட்டுப் பார்த்து, குறை இருந்தா என்கிட்டயே சொல்லுங்க. சுகர் இருக்கிற அக்காமார், பாதியோட நிறுத்திக்குங்க. மாத்திரையை மறந்துடாதீங்க.