துணைக்கு ஓர் ஆள்

(தவக்காலம் நான்காம் வாரம், செவ்வாய்க்கிழமை வானொலி மறையுரை. நற்செய்தி: யோவான் 5:1-16)



இன்றைய நற்செய்தி நம்மை எருசலேமில் இருந்த பெத்சதா குளத்துக்கு அழைத்துச் செல்கிறது. குளத்தைச் சுற்றி ஐந்து மண்டபங்கள். அவற்றில் நோயுற்றோர் பலர் படுத்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் 38 ஆண்டுகளாக நோயாளி. நலம் பெற விருப்பமா என்று ஆண்டவர் அவரைக் கேட்கிறார். அவர் ‘ஆம்’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும் நேரத்தில் தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்கிறார். தாம் போய்ச் சேருவதற்குள் வேறொருவர் முந்திக்கொள்கிறார் என்கிறார்.

இந்தப் பதிலைச் சாக்குப்போக்கு என்று விளக்குபவர்கள் உண்டு. 38 ஆண்டுகளில் ஒரு நாள்கூட வழி பிறக்கவில்லையா, உண்மையிலேயே மனம் இருந்தால் ஊர்ந்தாவது போயிருக்க மாட்டாரா என்று கேட்பார்கள். ஆனால் ஆண்டவர் அப்படிக் கேட்கவில்லை. ஆள் இல்லை என்று சொன்னவரிடம் அவர் விவாதம் செய்யவில்லை. அந்த மனிதருக்கும் தண்ணீருக்கும் நடுவே சில அடி தூரம்தான். மற்றவர்களுக்கு அது நாலு எட்டு. அவருக்கு அது 38 ஆண்டு.

அன்பார்ந்தவர்களே, இன்று நம் ஊர்களில் இதே நிலையில் இருக்கும் சிலரைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். மனநலச் சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்த பிறகும், அந்த முதல் நாளில் மருத்துவமனைக்கு வராமல் போகிறவர்கள்.

ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் எப்படியோ சொல்லிவிடுகிறார். அவர்களும் பொறுமையாகக் கேட்டு, “அடுத்த வாரம் வியாழக்கிழமை தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வருவாங்க, போய்ப் பாருங்கம்மா” என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அவரும் தலையாட்டுகிறார். வியாழக்கிழமை வருகிறது. அவர் போகவில்லை. வீட்டில் என்ன சொல்கிறோம்? “அவளுக்கே அக்கறை இல்லை, நாம் என்ன செய்ய?” இந்த ஒரு வார்த்தையோடு அந்தச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது.

இது ஓரிரு வீடுகளில் நடப்பதல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16 ஆம் ஆண்டுகளில் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலக் குறைபாடு உள்ளவர்களில் 100க்கு 85 பேர் சிகிச்சை பெறாமலேயே இருந்தார்கள். மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். சீட்டு கையில் இருந்தும் போகாமல் போவதும் அதில் ஒரு பகுதி. ஏன் போகவில்லை?

முதல் காரணம், அந்த நோயே. காலில் அடிபட்டவர் நொண்டி நொண்டியாவது மருத்துவமனைக்குப் போய்விடுவார். போக வேண்டும் என்று சொல்லும் மனம் அவருக்கு நன்றாக இருக்கிறது. மனச்சோர்வில் அடிபட்டிருப்பதே அந்த மனம்தான். எழுந்திருப்பது, குளிப்பது, எந்தப் பேருந்தில் போவது என்று முடிவு செய்வது, இவை ஒவ்வொன்றும் மலை ஏறுவது போல் இருக்கும். போனால் நலமாகும் என்கிற நம்பிக்கையையே இந்த நோய் தின்றுவிடுகிறது. இன்னொன்றும் சொல்கிறேன். கடுமையான மனச்சோர்வு உள்ள பலருக்கு விடியற்காலைதான் மிகப் பாரமான நேரம். மாலையில் சற்றே இலேசாகும். நம் அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. நடப்பது காலையில். அவரால் எழவே முடியாத நேரத்தில், வரிசையில் வந்து நிற்கச் சொல்கிறோம்.

பதற்ற நோய் உள்ளவருக்கோ கூட்டமே எதிரி. பேருந்து நிலையமும், மருத்துவமனை வரிசையும் அவர் நெஞ்சைப் படபடக்க வைக்கும். மனச்சிதைவு போன்ற நோய் வந்தவர்களில் பலர், தமக்கு நோய் இருப்பதையே உணர்வதில்லை. குடியை விட நினைக்கிறவரோ, ஞாயிறு திருப்பலி முடிந்து கண்ணீரோடு முடிவெடுக்கிறார். நாள் குறித்தது அடுத்த வாரம். இடையில் ஐந்து மாலைப்பொழுதுகள் இருக்கின்றன. காத்திருக்கும் நாள் கூடக் கூட, வராமல் போகிறவர்களும் கூடுவார்கள். இது மருத்துவர்கள் நன்கு அறிந்த உண்மை.

இரண்டாவது காரணம், வெட்கம். சென்னையில் 1794 இல் தொடங்கிய மனநல மருத்துவமனை பிறகு கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 200 ஆண்டுகளுக்கும் மேலாக இலட்சக்கணக்கான குடும்பங்களின் கண்ணீரைத் துடைத்த இடம் அது. நாம் என்ன செய்தோம்? அந்த ஊர்ப் பெயரையே கேலிச் சொல்லாக்கிவிட்டோம். திரைப்படத்தில் கேட்டுச் சிரித்தோம், வீட்டில் பிள்ளைகளைத் திட்டும்போது சொன்னோம். அப்படிச் சிரித்த வீட்டில் ஒருவருக்கு நோய் வரும்போது, அவர் எப்படி வாய் திறப்பார்? அந்த வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால், பெண்ணுக்கு வரன் அமையுமா, பையனுக்கு வேலை கிடைக்குமா என்றுதான் அவர் மனம் ஓடும்.

மூன்றாவது, பயம். கட்டிப் போடுவார்கள், கரண்ட் வைப்பார்கள், வாழ்நாள் முழுக்கத் தூக்க மாத்திரைதான், ஒருமுறை உள்ளே போனால் வெளியே விடமாட்டார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மயக்க மருந்து கொடுக்காமல் மின் அதிர்வுச் சிகிச்சை அளிப்பதையும் தடை செய்கிறது. நோயாளி பற்றிய விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. முதல் நாளில் பெரும்பாலும் நடப்பது இவ்வளவுதான்: மருத்துவர் உட்கார வைத்துப் பேசுவார். தூக்கம் எப்படி, பசி எப்படி, எத்தனை நாளாக, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று கேட்பார். தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே தெரியும் என்பதால், இரத்தப் பரிசோதனை எழுதலாம். மாத்திரை கொடுத்தால், அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும் என்பார். பேச்சு முடிந்து வீட்டுக்கு வந்துவிடலாம்.

நான்காவது, கூலி. அரசு மருத்துவமனையில் மருந்துக்குப் பணம் இல்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அன்றைய கூலி போய்விடும். துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும். நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற வீடுகளில் இது சிறிய கணக்கு அல்ல.

ஐந்தாவது காரணத்தை ஒரு குருவாக நான் சொல்லியே ஆக வேண்டும். அது ஆலயத்துக்கு உள்ளேயே பிறக்கிற காரணம். “விசுவாசம் குறைவு, அதனால்தான் இந்தச் சோர்வு.” “செபமாலை சொன்னால் சரியாகிவிடும், டாக்டர் எதற்கு?” “இது நோயில்லை, பேயின் வேலை.” இந்த வார்த்தைகளைக் கேட்ட ஒருவர் வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போவது, தம் விசுவாசத்தை மறுதலிப்பது போல அவருக்குத் தோன்றிவிடும்.

திருச்சபை சொல்வது வேறு. சீராக்கின் ஞானநூல் 38 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நோயுற்றவர் இறைவனிடம் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் கற்பிக்கிறது. பேயோட்டுதல் பற்றிப் பேசும்போதும், கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 1673) மனநோய் முற்றிலும் வேறானது, அது மருத்துவ அறிவியலுக்கு உரியது, முதலில் இது நோயா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று எச்சரிக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், தமது 42 ஆம் வயதில், அர்ஜென்டினாவில் இயேசு சபைக் குருவாக இருந்த நாட்களில், ஆறு மாதம் வாரம் ஒருமுறை ஒரு மனப்பகுப்பாய்வு மருத்துவரிடம் சென்று வந்ததாக 2017 இல் வெளியான நேர்காணல் நூலில் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த மருத்துவர் ஒரு யூதப் பெண்மணி. அங்கே போனதால் அவரது விசுவாசம் குறைந்துவிடவில்லை. செபமும் மருந்தும் ஒரே கடவுளின் இரு கைகள். ஒரு கையைப் பிடித்துக்கொண்டு மறுகையைத் தட்டிவிடாதீர்கள்.

ஆக, வராதவர் சிகிச்சை வேண்டாம் என்று சொன்னவர் அல்ல. பெரும்பாலும் அவர் தனியாக வர முடியாதவர்.

இப்போது மாற்கு நற்செய்தியில் வரும் கப்பர்நாகூம் வீட்டை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் ஒரு முடக்குவாதமுற்றவர் இருந்தார். ஆனால் அவருக்கு நான்கு பேர் இருந்தார்கள். வாசலில் கூட்டம், உள்ளே போக வழியில்லை. அவர்கள் நாளை பார்க்கலாம் என்று திரும்பவில்லை. கூரையைப் பிரித்து இறக்கினார்கள். ஆண்டவர் அந்த நோயாளியின் நம்பிக்கையை அளந்து பார்த்ததாக நற்செய்தியாளர் எழுதவில்லை. தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையையும் கண்டார் என்றே நாம் வாசிக்கிறோம். நம்ப முடியாத அளவுக்குச் சோர்ந்தவருக்காக, மற்ற நால்வர் நம்பலாம். பெத்சதாவில் இல்லாமல் போனது இதுதான்.

இந்தத் தவக்காலத்தில் நாம் என்ன செய்யலாம்?

வீட்டில் ஒருவருக்கு நாள் குறித்திருந்தால், “போயிட்டு வா” என்று சொல்லாதீர்கள். “நான் வாறேன், வா போவோம்” என்று சொல்லுங்கள். முந்திய நாள் மாலையிலேயே ஆதார் அட்டை, பழைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வையுங்கள். என்னென்ன சொல்ல வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் முன் உட்கார்ந்ததும் மறந்துபோகும். காலையில் எழுப்பும்போது அதட்ட வேண்டாம். ஒரு காபி போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.

அன்பியப் பொறுப்பாளர்களே, வின்சென்ட் தே பால் சபையினரே, மரியாயின் சேனையினரே, வீடு சந்திக்கும்போது உங்களுக்குத் தெரியவரும் துயரங்களை அன்பியக் கூட்டத்தில் செபக் கருத்தாக அறிவிக்காதீர்கள். இரகசியம் காப்பது முதல் அன்பு. அவர் சம்மதித்தால், உங்களில் ஒருவர் மட்டும் அவருடன் போய் வாருங்கள். துணைக்குப் போகிறவரின் ஒரு நாள் கூலியை உங்கள் தவக்காலச் சேமிப்பிலிருந்து கொடுங்கள், அதுவும் தர்மம்தான்.

நாள் தவறிவிட்டதா? பரவாயில்லை. அடுத்த ஓ.பி. நாளில் போகலாம். தவறவிட்டதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அதுவரை பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலச் சேவை அது. இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் வியாழக்கிழமை வரை காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே, அந்த நேரமே, ஒருவரிடம் சொல்லுங்கள். பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்படிப்பட்டவரைத் தனியே விடாதீர்கள்.

அன்பார்ந்தவர்களே, தவக்காலத்தில் நாம் ஒரு நேர உணவை விடுகிறோம், இறைச்சியை விடுகிறோம். இந்த ஆண்டு ஒரு காலைப்பொழுதை விட்டுக் கொடுப்போமா? மருத்துவமனை பெஞ்சில், ஒருவர் பக்கத்தில், டோக்கன் கூப்பிடும் வரை சும்மா உட்கார்ந்திருக்க. அறிவுரை வேண்டாம். உட்கார்ந்திருந்தால் போதும்.

மன்றாடுவோம். பெத்சதா குளத்தருகே ஆள் இல்லாதவரைத் தேடி வந்த ஆண்டவரே, எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் எழ முடியாமல் படுத்திருப்பவர்களை உம் திருமுன் வைக்கிறோம். அவர்களைக் குறை சொல்லும் எங்கள் நாவை அடக்கும். அவர்களோடு நடக்க எங்கள் கால்களுக்குப் பலம் தாரும். மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஆசீர்வதியும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.