மின்னல் ஆட்டமும் மெதுவான பயிற்சியும்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் ஓர் இளைஞன், அந்தியில் வேலை முடிந்து வீடு திரும்பியதும், கைத்தொலைபேசியை எடுத்துச் சதுரங்கம் ஆட அமர்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். எதிரே பலகையும் இல்லை, ஆளும் இல்லை. பிரேசிலிலோ போலந்திலோ இருக்கும் முகமறியாத ஒருவர் சில விநாடிகளில் அவனுக்கு எதிராளியாகக் கிடைத்துவிடுகின்றார். ஆளுக்கு மூன்று நிமிடம். ஆறு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். வென்றவரும் தோற்றவரும் ஒரு சொல்லும் பேசாமல் பிரிவர். உடனே அடுத்த ஆட்டம் தொடங்கும். ஓர் இரவில் முப்பது ஆட்டம். ஆண்டின் முடிவிலே பல்லாயிரம் ஆட்டம். ஆயினும், அவனுடைய தரப்புள்ளி தை மாதத்தில் நின்ற இடத்திலேயே மார்கழியிலும் நிற்கின்றது. இத்தனை ஆடியும் கை தேறவில்லையே, ஏன்?

இந்த வினாவுக்கு விடை தேடப் புகுமுன், விரைவாட்டம் என்பது எதுவென்று தெளிதல் வேண்டும். நெடிய ஆட்டம் நான்கு ஐந்து மணி நேரம் நீளும், அதைவிடவும் நீள்வதுண்டு. ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடத்துக்கு மேற்பட்டும் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டும் நேரம் தரப்படுமாயின், அதனை ‘ராப்பிட்’ என்பர். பத்து நிமிடமும் அதற்குக் குறைவும் ‘பிளிட்ஸ்’ எனப்படும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று ஆடுவதற்கு இணையத்தில் ‘புல்லட்’ என்று பெயர். துப்பாக்கிக் குண்டு என்பது பொருள். பெயர் பொருத்தமானதுதான். குண்டு பாயும்போது எவரும் சிந்திப்பதில்லை.

சென்னையில் பிறந்த பிரக்ஞானந்தாவின் கதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 2005ஆம் ஆண்டு பிறந்த அவர், 2018இல், பதின்மூன்று வயது நிரம்புமுன்னரே, கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெற்றார். 2022 பெப்ரவரியில் ‘ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ்’ என்னும் இணையவழிப் போட்டியில், அப்போது உலக வாகையராக விளங்கிய நோர்வே நாட்டு மக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்களுடன் ஆடி 39 நகர்த்தல்களில் வீழ்த்தினார். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். நகர்த்தல் ஒன்றுக்குப் பத்து விநாடி கூடுதல். அவருக்கு அப்போது வயது பதினாறு. ஐரோப்பியரின் வசதிக்கு ஏற்ப வகுத்த நேரமாதலால், நம் பக்கத்தில் அது நள்ளிரவு கடந்த வேளை. சென்னைக்கும் பல்லேபொலவுக்கும் கடிகாரம் ஒன்றே. ஆகவே, அந்தப் பிள்ளை கண் விழித்து ஆடிய அதே இரவில், அதே மணியில், நம் பல்லேபொல இளைஞனும் விழித்திருந்து ஆடியிருத்தல் கூடும். இருவர் கையிலும் இருந்தது ஒரே விளையாட்டு. ஓடியது ஒரே நேரம். ஆயின், ஒருவரின் விரைவுக்கும் மற்றவரின் விரைவுக்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு.

அவ்வேறுபாடு விரலில் இல்லை. நெதர்லாந்து நாட்டு உளநூலறிஞர் ஆட்ரியான் டி குரூட் 1940களில் இதனை ஆராய்ந்தார். உண்மையான ஆட்டமொன்றின் நடுவே காய்கள் நிற்கும் நிலையைச் சில விநாடிகள் மட்டுமே காட்டி மறைத்துவிட்டு, அதனைத் திரும்ப அடுக்கச் சொன்னார். பெருவல்லுநர்கள் பெரும்பாலும் பிழையின்றி அடுக்கினர், பயிலுநர்கள் தடுமாறினர். 1973இல் அமெரிக்காவில் வில்லியம் சேசும் ஹெர்பர்ட் சைமனும் அச்சோதனையை ஒரு படி மேலே கொண்டுசென்றனர். காய்களை எவ்வித ஒழுங்குமின்றி, மனம் போனபடி இறைத்துக் காட்டினர். அப்போது வல்லுநரின் மேன்மை ஏறக்குறைய மறைந்தே போயிற்று! ஆகையால், வல்லுநர் பெற்றிருப்பது பிறவி நினைவாற்றல் அன்று. பல்லாண்டுக் காலம் நின்று நிதானித்துப் பார்த்துப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்ட அமைப்புகளே அவருக்கு உதவுகின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவன் ‘பலகை’ என்னும் சொல்லை மூன்று எழுத்தாகக் காண்கின்றான். பயின்றவர் அதனை ஒரு சொல்லாகவே காண்கின்றார். சதுரங்கத்திலும் அஃதே நிகழ்கின்றது. விரைவாட்டத்தின்போது வல்லுநர் புதிதாகச் சிந்திப்பது சிறிது. முன்னரே சிந்தித்து வைத்ததை எடுத்துச் செலவிடுவதே பெரிது. கையிருப்பு இல்லாதவர் எதனைச் செலவிடுவார்?

அந்தக் கையிருப்பு மெதுவாகவே சேரும். பிரக்ஞானந்தாவைப் பயிற்றுவித்த கிராண்ட் மாஸ்டர் ஆர். பி. ரமேஷ், 2007இல் பொதுநலவாய வாகையராக விளங்கியவர். 2022இல் கணித்தாடும் பயிற்சி குறித்து ஒரு நூலும் எழுதினார். கடினமான நிலையொன்றைப் பலகையில் வைத்துவிட்டுக் காயைத் தொடாமலே, கிளை கிளையாகப் பிரியும் ஆட்டத்தை மனத்துக்குள்ளேயே இறுதிவரை பார்த்து முடித்தல் வேண்டும். விடை கிடைத்ததாகத் தோன்றியபோதும் எதிராளியின் மறுமொழியை மீண்டும் தேடுதல் வேண்டும். ஒரு நிலைக்கு அரை மணி நேரம் செலவாயினும் அது வீண் அன்று. மூன்று நிமிட ஆட்டம் பத்து ஆடுவதைக் காட்டிலும், அந்த அரை மணி நேரமே மூன்று நிமிட ஆட்டத்துக்குப் பெரிதும் உதவும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். விசுவநாதன் ஆனந்த் விரைவாட்டத்தினாலேயே வளர்ந்தவர் அல்லரோ என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானதே. அக்காலச் சென்னையில் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்திலே சிறுவன் ஆனந்த் பிளிட்ஸ் ஆடினார். வென்றவர் இருக்கையில் நீடிப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார் என்பது அங்கு வழக்கம். இருக்கையைக் காக்கவேண்டின் வெல்லவேண்டும்! நெடிய ஆட்டங்களிலும் எதிராளி மணிக்கணக்கில் யோசிக்க, அவர் சில நிமிடங்களில் ஆடி முடித்துவிடுவார். ‘மின்னல் சிறுவன்’ என்ற பெயரும் அதனாலே வந்தது. 1987இல் உலக இளையோர் வாகையராகவும், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டராகவும் அவர் உயர்ந்தார். ஆயின், அந்தக் கழகத்தில் தோற்றவர் வெறுமனே எழுந்து போகவில்லை. தம் முறை மீண்டும் வரும்வரை நின்று, பிறர் ஆடுவதைப் பார்த்தார். ஏன் தோற்றோம் என்று எண்ணப் பொழுது இருந்தது. கைத்தொலைபேசியோ அப்பொழுதைத் தருவதில்லை. தோற்ற மறுகணமே மற்றுமோர் ஆட்டத்துக்கு அழைக்கின்றது. ஆனந்துங்கூட உலகின் உச்சியை எட்டுவதற்கு, ஓடுகின்ற கையைக் கட்டி அமர்ந்து யோசிக்கப் பழகவேண்டியிருந்தது. 2017இல், நாற்பத்தெட்டாம் வயதில், இளைஞர் கூட்டத்தின் நடுவே உலக ராப்பிட் வாகையராக அவர் மீண்டும் வென்றது, சேர்த்து வைத்த கையிருப்பின் வலிமையைக் காட்டும்.

குகேசின் நிலை வேறு. கிராண்ட் மாஸ்டர் பட்டத்தை எட்டும்வரை கணினியின் துணையின்றியே பயின்றவர் அவர். 2024 டிசம்பரில், பதினெட்டாம் வயதில், சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக வாகையரானார். ஆயினும், விரைவாட்டத்தில் அவர் அத்தனை உயரத்தில் இல்லை என்பதைச் சதுரங்க உலகம் அறியும். 2025 பெப்ரவரி 2ஆம் நாள், நெதர்லாந்தின் விக் ஆன் சே நகரில், அவரும் பிரக்ஞானந்தாவும் சம புள்ளி பெற்று முதலிடத்துக்காக பிளிட்ஸ் ஆடினர். இருவருமே அன்று நெடிய ஆட்டத்தில் தோற்றுக் களைத்து வந்தவர்கள். முதல் ஆட்டம் குகேசுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு, மூன்றாவதையும் பிரக்ஞானந்தாவே வென்று பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஜூலையில் குரோவேசியாவின் சாக்ரெப் நகரில் குகேஸ் ராப்பிட் பகுதியில் 18 புள்ளிக்கு 14 பெற்று முதலிடம் வந்தார். கார்ல்சனையும் அதிலே வென்றார். தொடர்ந்து வந்த பிளிட்ஸ் பகுதியில் பின்தங்கி, முடிவில் மூன்றாம் இடமே கிடைத்தது. இருபத்தைந்து நிமிடத்துக்குப் போதுமான பழக்கம் ஐந்து நிமிடத்துக்குப் போதவில்லை. உலக வாகையருக்கே இப்படியாயின், பல்லேபொல இளைஞன் மனம் உடைய வேண்டுவதில்லை.

இனி, கடிகாரக் கணக்கைச் சற்றே பார்க்கலாம். பதினைந்து நிமிடமும் பத்து விநாடிக் கூடுதலும் உள்ள ஆட்டம் நாற்பது நகர்த்தல் நீளுமாயின், கூடுதலாக மட்டும் 400 விநாடி சேரும்; அதாவது, ஆறு நிமிடம் நாற்பது விநாடி. இந்தக் கூடுதல் முறைக்கு 1980களின் இறுதியில் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான பாபி ஃபிஷர். நேரம் கூடுகின்றது என்பது உண்மையே. ஆயினும், பலர் அதனைத் தொடக்கத்திலேயே தொலைத்துவிடுகின்றனர். ஆறாவது நகர்த்தலில் எதிராளி அறியாத வழியொன்றில் புக, அங்கே நான்கு நிமிடம் போய்விடும். முடிவாட்டத்தில் யானையும் ஒரு காலாளும் கையில் இருக்க, வெல்லும் முறை தெரிந்திருந்தும், அதனை நடத்த நேரமிராது.

ஆகையால், தோற்ற ஆட்டங்களை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எவ்வளவு நேரம் போயிற்று என்று பார்த்தல் வேண்டும். இணையத் தளங்கள் அதனைப் பதிந்தே வைக்கின்றன. நேரம் எங்கே கசிகின்றதென்று அங்கே தெரிந்துவிடும். தொடக்கத்தில் கசியுமாயின், பத்துத் திறப்புகளை நுனிப்புல் மேய்வதை விட்டு, இரண்டை ஆழக் கற்பது நலம். முடிவில் கசியுமாயின், யானை முடிவாட்டங்களையும் காலாள் முடிவாட்டங்களையும் கை தானாக ஆடும்வரை பழகுதல் வேண்டும். இடையிலே கசிகின்றதாயின், நோய் பெரும்பாலும் ஒன்றுதான்: சிறந்த நகர்த்தலைத் தேடி, நல்ல நகர்த்தலைக் கைவிடுவது. நெடிய ஆட்டத்தில் அது நற்குணம். மூன்று நிமிடத்தில் அதுவே கேடு.

இணையத்துக்கே உரிய சில இடர்களும் உண்டு. எதிராளி ஆடுமுன்பே நம் மறுமொழியைக் குறித்து வைக்க இயலும்; நேரம் ஏறக்குறையச் செலவாகாது. எதிராளி எதிர்பாராததை ஆடிவிட்டாலோ, குறித்து வைத்த நகர்த்தல் ராணியைப் பறிகொடுத்துவிடும். எதிராளிக்கு வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதனைக் கையாள்வது அறிவு. அடுத்தது, தோல்வியின் சினம். அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றவர் மூன்றாவதை ஆடுவது சதுரங்கம் ஆடுவதற்கன்று, பழி வாங்குவதற்கே. அந்நேரம் கருவியை மூடிவைப்பது ஒரு பயிற்சி; கடினமான பயிற்சியுங்கூட.

மற்றோர் இடர் எவர் கையிலும் இல்லை. 2020 ஆகஸ்டில் நடந்த இணையவழி ஒலிம்பியாட்டில், காலிறுதியில் நிகால் சரினோடு ஆடிய ஆர்மீனிய வீரரின் இணைப்பு அறுந்து ஆட்டம் போயிற்று; முறையீடு தள்ளப்படவே, ஆர்மீனியா போட்டியிலிருந்தே விலகிற்று. இறுதியில், உருசியாவுக்கு எதிராக, அதே நிகால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பை இழந்து நேரத்தால் தோற்றனர். அன்று உலகளாவிய இணையக் கோளாறு நேர்ந்தது தெரியவரவே, இரு நாட்டுக்கும் தங்கம் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவ்வாண்டின் வேறொரு போட்டியில் டிங் லிரெனின் இணைப்பு அறுந்து, சமமாயிருந்த ஆட்டம் கார்ல்சனுக்கு வெற்றியாயிற்று. அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் நான்காம் நகர்த்தலுக்குள் தம் ராணியை வேண்டுமென்றே பலி கொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரமின்றிக் கிடந்த இலங்கையிலே, மின்வெட்டினால் தோற்ற எத்தனையோ பேருக்கு அப்படியொரு எதிராளி வாய்த்திருக்க மாட்டார். ஆயின், மரப்பலகைக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. அரை மணி நேரப் பயிற்சிக்குக் குப்பி விளக்கின் ஒளியே போதும்.

அவ்வாண்டு மே மாதத்தில் பிரக்ஞானந்தா மற்றோர் இணையவழிப் போட்டியில், ‘செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ்’ என்பதில், கார்ல்சனை மீண்டும் வென்றார். சமனாக முடியவிருந்த ஆட்டம் அது. நாற்பதாம் நகர்த்தலில் கார்ல்சன் தம் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தார். பிள்ளையின் கண் அதனைத் தப்பவிடவில்லை. அப்போது அவருக்குப் பதினோராம் வகுப்புத் தேர்வும் நடந்துகொண்டிருந்தது. அரையிறுதியில் அனிஷ் கிரியை வென்று எழுந்தபோது இரவு மணி இரண்டு. காலை எட்டே முக்காலுக்குப் பாடசாலையில் இருக்கவேண்டும். இறுதியில் டிங் லிரெனுடன் முதல் நாள் தோற்று, இரண்டாம் நாள் வென்று, முடிவு பிளிட்ஸ் ஆட்டங்களுக்குப் போய், அங்கே தோற்றார்.