பிரைட்டன் கடற்கரை நகரம்



இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் முன்னாளில் நலிந்ததொரு மீனவச் சிற்றூர். கடல்நீரில் குளிப்பதும், அதனைப் பருகுவதுங்கூடப் பிணி தீர்க்கும் என்று மருத்துவர் ரிச்சர்டு ரசல் 1750-இல் இலத்தீன மொழியில் எழுதிய நூல் அதன் தலையெழுத்தை மாற்றிற்று. செல்வர் திரண்டனர். 1841-இல் இருப்புப்பாதை வரவே, இலண்டன் மாநகரின் எளிய மக்களும் வந்தனர். கூழாங்கற் கரையும், 1899-இல் திறந்த களியாட்டக் கடற்பாலமும் இன்றும் கூட்டத்தை ஈர்க்கின்றன.

எனினும் நாம் நின்று பார்க்க வேண்டியது 'ராயல் பெவிலியன்' என்னும் அரச மாளிகையையே. அதனைக் கட்டுவித்த நான்காம் ஜார்ஜ் இந்திய மண்ணை மிதித்தவரல்லர். ஆயினும் அவர் விருப்பப்படி ஜான் நாஷ் 1815-க்கும் 1822-க்கும் இடையில் இந்தியக் குவிமாடங்களை எழுப்பினார். 1914-இல் பிரெஞ்சுப் போர்க்களத்தில் புண்பட்ட இந்திய வீரர்கள் அக்குவிமாடங்களின் கீழேயே கிடத்தப்பட்டனர். மாளிகை மருத்துவமனையாயிற்று, அவரவர் சமய வழக்கிற்கேற்பத் தனித்தனிச் சமையற்கூடங்கள் அமைந்தன. பரிவு மெய்யே, அதனைப் படம்பிடித்துப் பேரரசின் பெருமை பேசியதும் மெய்யே. குணமடைந்தோரிற் பலர் மீண்டும் போருக்கே அனுப்பப்பட்டனர்.

பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்தோருள் இந்துக்களும் சீக்கியருமாக 53 பேர் ஊர்ப்புறக் குன்றின்மேல் எரியூட்டப்பட்டனர். அவ்விடத்தில் 'சத்ரி' என்னும் வெண்பளிங்கு மண்டபம் 1921-இல் எழுந்தது. அவர்தம் பெயர்கள் அங்கே கல்லில் ஏறியது 2010-இல்தான்.