கடுகளவு உலகம்

(ரிச்சர்ட்ஸ் டவுனில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கோள்களைப் பற்றிப் பேச யாம் விஞ்ஞானி அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலங் கழிக்கும் எழுத்தர். எனினும், எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி எம்மை இம்மேடையில் நிறுத்தியிருக்கிறது.

இரண்டாம் வகுப்பில் பயிலும் எம் மகளுக்குக் கோள்களின் மாதிரி ஒன்றைக் கடையில் வாங்கித் தந்தோம். எட்டு உருண்டைகளும் ஏறத்தாழ ஒரே பருமன், அருகருகே ஒட்டப்பட்டிருந்தன. "அப்பா, செவ்வாய் நமக்குப் பக்கத்து வீடா?" என்றாள். எமக்கு விடை தெரியவில்லை. "பேசாமல் மனப்பாடம் செய்" என்று அதட்டினோம். குழந்தையின் முகம் வாடிற்று. அறியாமை குற்றமன்று, அதனை அதட்டலால் மறைத்தோமே, அதுவே குற்றம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் நூலொன்றைத் தேடி எடுத்துக் கணக்கிட்டோம். ஓர் இலட்சம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராகக் குறுக்கினால், ஞாயிறு 14 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பம்பளிமாஸ் பழம். இவ்வூரார் சக்கோத்தா என்பர். நம் பூமியோ ஒரு சிறு கடுகு! வெள்ளியும் கடுகே. புதனும் செவ்வாயும் ரவை. வியாழன் சுண்டைக்காய், சனி கொண்டைக்கடலை, யுரேனசும் நெப்டியூனும் மிளகு. எல்லாம் நம் அடுக்களையில் உள்ளவையே. யாம் பள்ளியில் ஒன்பது கோள்கள் என்று கற்றோம். 2006இல் புளூட்டோ குறுங்கோள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை, குடியிருப்புக் குழந்தைகளை ரிச்சர்ட்ஸ் பூங்கா அருகே அழைத்துச் சென்று, அளவு நாடாவை விரித்தோம். பழத்திலிருந்து பூமி 15 மீட்டர், செவ்வாய் 23, வியாழன் 78, சனி 143, நெப்டியூன் 450 மீட்டர். மிளகை ஏந்திய சிறுவன், பெரியவர் ஒருவர் துணையோடு நடந்துகொண்டே இருந்தான். எம் மகள் கடுகுக்கும் ரவைக்கும் இடையே எட்டு மீட்டர் நடந்து பார்த்து, "பக்கத்து வீடு இவ்வளவு தூரமா!" என்று வியந்தாள். கோள்கள் என்றும் இவ்வாறு வரிசையில் நிற்பதில்லை என்பதையும் விளக்கி, பழத்தைச் சுற்றி அவரவர் பாதையில் நடக்கச் செய்தோம். பூமி ஓராண்டில் சுற்றி வர, வியாழனுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகளும் சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகளும் ஆகின்றன.

நம் குழந்தைகள் கோள்களின் பெயர்களைப் பள்ளியில் ஆங்கிலத்தில் கற்கின்றனர். தமிழ்ப் பெயர்களை அறியார். "கிழமைகளைச் சொல்லுங்கள்" என்றோம். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி! வெறுங்கண்ணுக்குப் புலப்படும் ஐந்து கோள்களும் அவர்கள் நாவிலேயே இருந்தன. உடனிருந்த கன்னடச் சிறுவன் ஒருவன், மங்களவார, புதவார, குருவார, சுக்ரவார, சனிவார என்று விரல்விட்டு எண்ணி, "எங்களுக்கும் அவையே" என்று துள்ளினான். வாழ வந்த ஊரின் மொழியும் நம் தாய்மொழியும் ஒரே வானத்தைக் காட்டிய காட்சி அது.

"அடுத்த விண்மீன் எங்கே?" என்றாள் எம் மகள். இதே அளவில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர்! விவேக் எக்ஸ்பிரஸில் ஏறிக் கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை செல்லும் பயணத்திற்கு ஒப்பான தூரம். இரயில்வேக்காரன் மகளுக்கு அது விளங்கிற்று.

அன்பர்களே! இதற்குப் பொருட்செலவு வேண்டா, பட்டமும் வேண்டா. நம் சங்கத்தின் குழந்தைகள் வகுப்பில் இதனைச் செய்வோம். 1989 முதல் இந்நகரில் விளங்கும் ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்திற்கும் அவர்களை அழைத்துச் செல்வோம். குழந்தை கேட்கும் வினாவுக்கு விடை தெரியாதபோது அதட்டாதீர்கள். "தெரியாது கண்ணே, வா, அளந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அச்சொல்லைத் தமிழில் சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!