சோதனை வேறு, தண்டனை வேறு



சோதனை என்ற வார்த்தையை நாம் தினமும் சொல்லுகிறோம். அரைப்பேர் விழுந்தாலும் சோதனை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் சோதனை. ஆனால் வாயடைத்துப் போகிற சோதனையும் உண்டு.

2016 மே 17ஆந் திகதி நமது கேகாலை மாவட்டம் அப்படியொரு சோதனையைக் கண்டது. விடாமல் பெய்த மழையில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனார்கள். அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. கொழுந்தெடுத்தும் பால் வெட்டியும் பிழைக்கிற நம்மைப் போன்ற சனங்கள்தான் அங்கேயும் இருந்தார்கள்.

இப்படி ஒன்று நடந்தால் நம் வாயில் வருவது என்ன? "என்ன பாவம் செய்தாங்களோ, கடவுள் தண்டிச்சிட்டாரு" என்கிறோம். பெற்ற பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவளுடைய காதில் அது விழுந்தால் எப்படியிருக்கும் என்று நினைக்கிறதில்லை.

இயேசுவின் காலத்திலும் சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று ஆண்டவர் தெளிவாகச் சொன்னார். மனந்திரும்பும்படி சொன்னது, உயிரோடு நின்று கேட்டவர்களுக்குத்தான்.

யோபுவைப் பாருங்கள். பெருங்காற்றில் வீடு இடிந்து, அவருடைய பிள்ளைகள் 10 பேரும் ஒரே நாளில் மாண்டார்கள். மூன்று நண்பர்கள் வந்தார்கள். 7 நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததும், "நீ பாவம் செய்திருப்பாய்" என்று தொடங்கிவிட்டார்கள். கடைசியில் கர்த்தர் கோபித்தது அந்த நண்பர்கள் மேல். அழுது புலம்பி "ஏன்?" என்று கேட்ட யோபுவையோ தம்முடைய தாசன் என்றார். ஆகவே அழுதுகொண்டு கேள்வி கேட்பது அவிசுவாசம் அல்ல.

யோபுவுக்குக் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. ஆனால் அதுவரை காதால் மட்டும் கேட்டிருந்த தேவனை அவர் தாமே அறிந்துகொண்டார். சோதனையில் கிடைக்கிற சத்தியம் இதுவே: காரணம் கிடைக்காமல் போகலாம், கர்த்தர் கிடைப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்குச் சோதனை வருவது ஒன்று, நாம் தேவனைச் சோதிப்பது வேறொன்று. தேவாலய உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னான் சாத்தான். தேவன் காப்பார் என்று தெரிந்தும் இயேசு குதிக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு அறிவித்தல் கொடுத்த பிறகும், "சாமி பார்த்துக்குவாரு" என்று லயத்தில் படுத்திருப்பது விசுவாசம் அல்ல. தரையில் புது வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குதல் அல்லது நின்றுபோதல், இவற்றைக் கண்டால் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

"போகச் சொன்னா எங்கே போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சொந்தக் காணி இல்லாத சனத்துக்கு அது பெரிய பாரம். பாதுகாப்பான இடத்தில் வீடு கேட்டுத் தோட்டத்திடமும் அரசாங்கத்திடமும் ஒருமனமாய்ப் பேசுவோம். அதுவரை, மேட்டு லயத்துச் சனம் நனைந்துகொண்டு வந்தால், நல்ல இடத்தில் இருக்கிறவர்கள் காம்பராவில் ஒரு பாய் விரிக்கட்டும். கோயிலோ, பள்ளியோ, சேர்ச்சோ, கதவு திறக்கட்டும். வருகிறவர் எந்தச் சமயம் என்று கேட்க வேண்டாம்.

துக்க வீட்டுக்குப் போகும்போது காரணம் கொண்டுபோகாதீர்கள். அரிசி கொண்டுபோங்கள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். கர்த்தர் நம்மைப் பலப்படுத்துவாராக.