விருந்தினரா, வேலையாளரா?

மெல்பேணிலே பிறந்து வளர்ந்து, பல்கலைக்கழகப் படிப்பையும் முடித்துவிட்ட பேரன் ஒருவன் யாழ்ப்பாணத்திலுள்ள தன் பாட்டியாரைத் தொலைபேசியில் அழைக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். "அப்பம்மா, நான் ஆறு மாதம் நியூசீலாந்திலே கமங்களில் தங்கி வேலை செய்யப் போகிறேன். சம்பளம் இல்லை, சாப்பாடும் படுக்க இடமும் தருவார்கள்" என்று அவன் சொன்னால், அம்மூதாட்டியின் உள்ளம் என்ன பாடுபடும்! "மண்வெட்டி பிடிக்கக்கூடாது என்றல்லவா இவன் தகப்பனைப் படிப்பித்தேன்! இவன் கூலியுமின்றிக் களை பிடுங்கவா போகின்றான்?" என்று அவர் கலங்குவார். இக்கலக்கம் நகைத்துத் தள்ளக்கூடியதன்று. பிறர் நிலத்திற் கூலியின்றி உழைப்பவன் விருந்தினனா, வேலையாளனா என்னும் வினா அதனுள் அடங்கியிருக்கின்றது. அவ்வினாவையே இன்று ஆராய விரும்புகின்றேன்.

முதுகிலே பையைச் சுமந்து, சிறுபொருளைக் கையிற்கொண்டு நாடு நாடாய்ச் செல்லும் இளைஞர், கமங்களில் உழைத்து உண்ணும் வழக்கத்துக்கு ஒழுங்கானதோர் அமைப்பு 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உருவாயிற்று. இலண்டன் மாநகரிற் காரியதரிசியாகக் கடமையாற்றிய சூ கொப்பாட் என்னும் பெண்மணியே அதனைத் தொடக்கி வைத்தவர். நாட்டுப்புறத்தை நாடும் நகரவாசிக்கு அங்கே நிலமோ உறவோ இல்லையாயின், கால்வைக்கவும் இடமில்லை என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே, சசெக்ஸ் பகுதியிலுள்ள எமர்சன் கல்லூரிப் பண்ணையில் ஒரு சனி ஞாயிறு தங்கி வேலை செய்ய ஒழுங்கு செய்தார். முதன்முறை சென்றோர் நால்வரே. அம்முயற்சி நற்பயன் தரவே, வேறு பண்ணைகளும் வருவோரை ஏற்க முன்வந்தன. இரண்டு நாட் தங்கல் வாரங்களாயும் மாதங்களாயும் நீண்டது. இன்று 'வூஃப்' என்னும் சுருக்கப் பெயரால் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இம்முறை நடைபெறுகின்றது.

அப்பெயரின் விரிவு மாறிய வரலாறும் நோக்கத்தக்கது. முதலில் அது 'இயற்கைக் கமங்களில் உழைக்கும் வார இறுதிகள்' என்று பொருள்பட்டது. பின்னர் 'இயற்கைக் கமங்களில் விரும்பி உழைப்போர்' என்றாயிற்று. 'உழைப்போர்' என்னும் சொல் குடிவரவு அதிகாரிகளின் ஐயத்துக்கு இடமளித்தமையால், அதுவும் நீங்கி, 'இயற்கைக் கமங்களில் உலகளாவிய வாய்ப்புகள்' என்று இப்போது வழங்குகின்றது. வருபவர் விருந்தினரா வேலையாளரா என்னும் ஐயம் பெயரளவிலேயே தொடர்ந்து வந்திருப்பதை நேயர்கள் காணலாம்.

இயற்கைக் கமங்களுக்கு இத்துணைக் கைகள் வேண்டியிருப்பது ஏன்? செயற்கைப் பசளையையும் களைகொல்லியையும் விலக்கும் கமக்காரர், மருந்து செய்யும் வேலையைக் கையாற் செய்தல் வேண்டும். கரட் விதை முளைத்துத் தலைதூக்கப் பல நாட் செல்லும். அதற்கிடையில் களை அதனை மூடிவிடும். நிரை நிரையாக முழங்காலிட்டிருந்து, பயிருக்கு ஊறு நேராமற் களையை நீக்குதல் வேண்டும். வெங்காயத் தறையிற் புல்லுப் பிடுங்கிய நம் நேயர்களுக்கு அவ்வேலையின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சாணமும் வைக்கோலும் இலைகுழையும் அடுக்கிக் கூட்டெரு ஆக்குதல், அதனைப் புரட்டுதல், பாத்திகளை வைக்கோலால் மூடுதல், ஆடு மாடுகளுக்கு வேலி திருத்துதல் என்பனவும் அத்தகையனவே. கூலி உயர்ந்த நாடுகளிலே சிறு கமக்காரர் இவற்றுக்கெல்லாம் ஆள் அமர்த்துதல் எளிதன்று.

எனவேதான் இப்பண்டமாற்று ஏற்பட்டது. விருந்தினர் பெரும்பாலும் நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் உழைப்பர்; கமக்காரர் உணவும் உறைவிடமும் நல்கித் தம் தொழிலறிவையும் பகிர்ந்துகொள்வர். இரு சாராரிடையே பணம் கைமாறுவதில்லை. எஞ்சிய பொழுது விருந்தினருக்கே உரியது. வீட்டாரோடு ஒரே மேசையில் உண்டு, அவர்தம் மொழியைப் பேசிப் பழகி, மழை பிந்தினால் அவர் முகம் வாடுவதையும் பார்த்திருப்பவன், சுற்றுலாப் பயணி காணாத நாட்டைக் காண்கின்றான். முப்பது ஆண்டுகளாக ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையிற் கூறுகின்றேன்: நூலறிவு மிக்க இளைஞனுக்கு இக்கல்வி பெரிதும் வேண்டற்பாலது. பசித்தபோது உண்ணும் சோற்றின் பின்னே எத்தனை பேர் முதுகு வளைந்தது என்பதனை வகுப்பறைச் சுவர் கற்பியாது.

ஆயினும், படத்துக்கு மறுபுறமும் உண்டு. அதற்கு அவுஸ்திரேலியாவின் அனுபவம் தக்க சான்றாகும். வேறு நாட்டு இளைஞர் தங்கள் விடுமுறையைக் கழிக்கவும், இடையிடையே வேலை செய்து செலவுக்குத் தேடவும் இடமளிக்கும் விசா அங்கே 1975ஆம் ஆண்டில் ஏற்பட்டது. தொலைவான கமங்களிற் பழம் பறிக்க ஆளில்லை என்னும் முறைப்பாடு வலுத்தமையால், 2005ஆம் ஆண்டிலே புதியதொரு விதி சேர்க்கப்பட்டது. நாட்டுப்புறத்திலே குறித்த தொழிலில் மூன்று மாதம், அதாவது 88 நாள் உழைத்தவர், இரண்டாம் ஆண்டுக்கும் விசாப் பெறலாம் என்பதே அது.

இவ்விதியிலேதான் இடர் முளைத்தது. அந்நாட்களுக்கான சான்றிதழிற் கையொப்பமிடுபவர் வேலை கொடுப்பவரே. கையொப்பத்துக்காகக் காத்திருப்பவன், கூலி குறைந்தாலும் வாயைத் திறவான். எண்பதாம் நாளிற் புறப்பட்டுச் செல்ல அவனுக்கு மனம் வருமா? உண்டியும் உறையுளும் கொடுத்து, 'தொண்டு' என்னும் பெயரில் முழுநாள் வேலை வாங்கியோரும் தோன்றினர். 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, தோட்டங்களிலும் உணவுத் தொழிற்சாலைகளிலும் பிறநாட்டு இளைஞர் சுரண்டப்படுவதை வெளிப்படுத்திற்று. அவ்வாண்டு டிசம்பர் முதலாந் தேதி தொடக்கம், சம்பளம் பெறாத உழைப்பு அந்த 88 நாட் கணக்கிற் சேராது என அரசாங்கம் விதித்தது. பறித்த அளவுக்கே கூலி என்னும் முறையிலும், மணிக்கணக்கிலான குறைந்தபட்சச் சம்பளத்துக்கு உத்தரவாதம் இருத்தல் வேண்டுமென்ற கட்டளை 2022ஆம் ஆண்டு ஏப்பிறில் 28ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது.

ஈண்டு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். விருந்தினரை வீட்டுப் பிள்ளைகள் போல் நடத்திய சிறு கமக்காரரும் 2015ஆம் ஆண்டின் விதியாற் பாதிக்கப்பட்டனர். நெல்லுக்கும் புல்லுக்கும் ஒரே மருந்து தெளிக்கப்பட்டது போன்ற நிலை அது. எனினும் அரசாங்கத்தைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. தொண்டு என்பது உள்ளத்தில் எழுவது. விசாவைக் கொடுத்து அதனை வாங்க முற்பட்டபோதே அதன் இயல்பு மாறிவிட்டது. நியூசீலாந்து வேறு வழியால் இம்முடிச்சை அவிழ்க்கின்றது. உணவும் உறைவிடமும் ஊதியத்துக்கு ஒப்பானவை. ஆதலால், அவற்றைப் பெற்று உழைப்பவரிடம் வேலை செய்ய அனுமதிக்கும் விசா இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுக் குடிவரவு விதி. சுற்றுலா விசாவுடன் சென்று, "நான் சம்பளம் வாங்கவில்லையே" என்று வாதாடுதல் அங்கே செல்லாது.

அப்படியாயின், விருந்தினனை வேலையாளனிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? என் சிற்றறிவுக்கு எட்டியவரை, அதற்கு உரைகற்கள் இரண்டு உள. ஒன்று, மறுக்கும் உரிமை. நாளைக் காலையிற் பையைத் தூக்கிக்கொண்டு, எதனையும் இழவாது புறப்பட அவனால் இயலுமாயின் அவன் விருந்தினன். இயலாதாயின், எத்துணை இனிய சொல்லால் அழைக்கப்பட்டாலும் அவன் வேலையாளன், அவனுக்குக் கூலி கொடுபட வேண்டும். மற்றையது, அவன் இல்லாவிடின் அக்கமத்துக்கு நேர்வது யாது என்பது. அவன் வருகையால் வேலை இலகுவாகுமாயின் அது உதவி. அவன் வராவிடிற் சந்தைக்குப் போகும் பொருளே நின்றுவிடுமாயின், கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டிய இடத்தில் அவன் நிற்கின்றான். அவ்வூர்த் தொழிலாளி ஒருவனின் பிழைப்பும் அதனாற் கெடுகின்றது.

பிள்ளைகளை இவ்வாறு வழியனுப்பும் பெற்றாருக்குச் சில சொற்கள். தடுப்பதைக் காட்டிலும் விசாரிப்பதே நன்று. நாளுக்கு எத்தனை மணி நேர வேலை? வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு? படுக்கும் அறைக்குப் பூட்டு உண்டா? அண்மையிலுள்ள பட்டினம் எவ்வளவு தூரம், அங்கே செல்ல வாகன வசதி உண்டா? உழவு இயந்திரம் போன்றவற்றைக் கையாள வேண்டுமாயின், பழக்குபவர் யார், காயம் பட்டாற் செலவை ஏற்பவர் யார்? இவற்றுக்கு விடையை எழுத்திற் பெற்றுக்கொள்ளட்டும். கடவுச்சீட்டைப் பிறர் கையில் ஒப்படையாது தம்மிடமே வைத்திருக்கட்டும். திரும்பி வருவதற்கான பணத்தைச் செலவழியாது தனியே முடிந்து வைக்கட்டும். அப்பணம் கையிலிருக்கும்வரை, மேற்சொன்ன மறுக்கும் உரிமையும் அவர்கள் கையிலேயே இருக்கும்.

அன்புடன் உழைப்பை அளிப்பது பெருமை. அதனை அளிக்கும்படி நெருக்கப்படுவது சிறுமை. மண்ணிலே கைவைப்பதனால் எந்தக் கல்வியும் மாசுபடுவதில்லை. ஆயின், கொடுப்பவனும் கொள்பவனும் ஒருவரையொருவர் நேர்நின்று நோக்கக்கூடிய இடத்திலேதான் விருந்து என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு.